விருந்தும் விலையும்

இன்பத்தை விரும்பாத உயிர் இல்லை. பசித்த வயிறு சோற்றை நாடுகிறது. சோறு கிடைத்தபின் சுவையை நாடுகிறது. சுவையும் கிடைத்தபின், அதனை அழகிய இடத்தில், அமைதியான சூழலில், பிறர் பணிந்து பரிமாற உண்ணவேண்டும் என்று மனம் அவாவுகிறது. பசிக்கு ஓர் எல்லை உண்டு. அவாவுக்கு அத்தகைய எல்லை இல்லை. இவ்விரண்டிற்கும் இடையே எங்கே கோடு கிழிப்பது என்னும் வினா, மனிதன் சமைத்து உண்ணத் தொடங்கிய நாள்முதல் அவனோடு வந்துகொண்டிருக்கிறது எனலாம்.

அவ்வினா இன்று நம் இல்லங்களுக்குள்ளும் நுழைந்துவிட்டது. பேராக் மாநிலத்துத் தோட்டங்களில், லயத்து வீடுகளில் வாழ்ந்தவர்களின் பிள்ளைகள் இன்று மருத்துவராகவும் பொறியியலாளராகவும் வழக்கறிஞராகவும் விளங்குகின்றனர். ஆண்டு விடுமுறை வந்தால் அவர்கள் தாப்பா வழியாகக் கேமரன் மலைக்குச் செல்வதோடு நின்றுவிடுவதில்லை. இத்தாலி வரை செல்கின்றனர். உரோமாபுரியிலும் புளோரன்சிலும் வெனிசிலும் பழைய அரண்மனைகளாக இருந்த விடுதிகளில் தங்குகின்றனர். வடக்கே தோலோமைட்டு மலைச் சிகரங்களை நோக்கியவாறு, பத்து வகைப் பண்டங்களை ஒன்றன்பின் ஒன்றாகப் பரிமாறும் உயர்தர உணவகங்களில் உண்டு திரும்புகின்றனர்.

அத்தகைய பயணம் ஒன்றை முடித்து வந்த என் பழைய மாணவர் ஒருவர், "ஐயா, அங்கே குடும்பத்தோடு உண்ட ஒருவேளை உணவுக்குக் கொடுத்த பணம், என் தாயார் பால்மரம் சீவி ஓராண்டு முழுவதும் ஈட்டிய கூலியைவிட மிகுதி. உண்ணும்போது இனிமையாகத்தான் இருந்தது. எழுந்தபின் நெஞ்சில் ஏதோ உறுத்தியது. நான் செய்தது தவறா?" என்று வினவினார்.

அவ்வினா அவர் ஒருவருக்கே உரியதன்று. உழைத்தவர் வயிற்றில் பிறந்து உண்பவர் வரிசையில் அமர்ந்துவிட்ட ஒரு தலைமுறைக்கே உரியது. ஆதலின் அதனைச் சற்று ஆழ்ந்து ஆராய்வது நம் கடமையாகும்.

இருவகை விடைகள்

இவ்வினாவுக்கு வழக்கமாகக் கூறப்படும் விடைகள் இரண்டு. ஒன்று துறவு நெறி சார்ந்தது. "உடலுக்குத் தேவை கைப்பிடிச் சோறு, அதற்குமேல் நாடுவதெல்லாம் பிழை" என்பது அதன் கூற்று. மற்றொன்று சந்தை நெறி சார்ந்தது. "பணம் உன்னுடையது, செலவிட்டாய், அதனால் நால்வர்க்கு வேலை கிடைத்தது, உறுத்தலுக்கு இடமேது?" என்பது அதன் கூற்று.

முதல் விடையைக் காண்போம். சுவையே குற்றம் என்றால் நம் சங்கப் புலவர்களெல்லாம் குற்றவாளிகளாவர். பொருநராற்றுப்படையையும் சிறுபாணாற்றுப்படையையும் பயின்றோர் இதனை நன்கு அறிவர். பசித்து வந்த கலைஞர்க்கு வள்ளல்கள் அளித்த உணவையும் உடையையும் அந்நூல்கள் நாவில் நீர் ஊறும்படி விரித்துரைக்கின்றன. தமிழர் வாழ்வு சுவையை வெறுத்த வாழ்வன்று. சுவையைச் சட்டத்தால் அடக்க முயன்றோரும் வெற்றி பெற்றாரல்லர். இத்தாலி மண்ணிலேயே இதற்குச் சான்று உண்டு. கி.மு. 161இல் உரோமக் குடியரசு 'பானியச் சட்டம்' என்னும் ஒன்றை இயற்றியது. ஒரு விருந்துக்கு இவ்வளவே செலவிடலாம், இத்தனை விருந்தினரையே அழைக்கலாம் என்று அது வரையறுத்தது. கொழுக்க வைக்கப்படாத கோழி ஒன்றைத் தவிர வேறு பறவை மேசைக்கு வரலாகாது என்றும் விதித்தது. அதன்பின் மேலும் பல சட்டங்கள் வந்தன. உரோமரின் விருந்து மேசை சிறுக்கவில்லை. நாளுக்கு நாள் பெருகிற்று. சட்டம் தட்டை எண்ணியது. உண்பவன் நெஞ்சை அதனால் எண்ண இயலவில்லை.

இரண்டாம் விடைக்கு வருவோம். ஆலந்து நாட்டில் பிறந்து இங்கிலாந்தில் வாழ்ந்த பெர்னார்டு மாண்டவில் என்பார் 1714இல் 'தேனீக்களின் கதை' என்னும் பொருள்படும் நூலொன்றை வெளியிட்டார். செல்வரின் ஆடம்பரம் தனிமனித நிலையில் குறையாக இருப்பினும், அதுவே பலர்க்குப் பிழைப்பளித்து நாட்டை வளப்படுத்துகிறது என்பது அவர் வாதம். இதில் பாதி உண்மை உளது. நம் தமிழ்ப்பள்ளிகளில் பயின்ற பிள்ளைகள் பலர் ஈப்போவிலும் பினாங்கிலும் கேமரன் மலையிலும் விடுதிகளில் பணிபுரிகின்றனர். அவ்வருவாயால் அவர்கள் வீட்டு அடுப்பு எரிகிறது. விடுதிகள் மூடப்பட்டால் முதலில் பட்டினி கிடப்பவர் முதலாளியல்லர். தட்டுக் கழுவும் தொழிலாளியே.

ஆயினும், கூலி கொடுத்த அளவில் கடன் முற்றும் தீர்ந்துவிடுமா என்பதே நம் வினா. தோட்டங்களிலும் கூலி கொடுக்கப்பட்டது. 1941இல் சிலாங்கூர் மாநிலத்துக் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நம்மவர் வேலைநிறுத்தம் செய்தபோது கூலி உயர்வை மட்டும் கேட்டாரல்லர். துரையோ கிராணியோ எதிரே வரும்போது மிதிவண்டியை விட்டு இறங்கி நிற்கவேண்டும் என்னும் வழக்கத்தை ஒழிக்கவேண்டும் என்றும் கேட்டனர். சில காசு கூலியோடு, தம் வழியே மிதிவண்டியில் அமர்ந்தவாறே செல்லும் உரிமையையும் சேர்த்துக் கேட்ட அந்த எளிய மக்கள், பெரிய தத்துவ உண்மை ஒன்றை நமக்கு உணர்த்தினர். மனிதனுக்குக் கொடுக்கவேண்டியவற்றுள் பணத்தால் அளக்கக்கூடியது ஒரு பகுதியே. மற்றொரு பகுதி அவனை மனிதனாகக் காண்பது.

தனித்து உண்ணல்

உரோம நாட்டில் லுக்குல்லஸ் என்னும் படைத்தலைவன் ஒருவன் இருந்தான். போரில் ஈட்டிய செல்வத்தைவிட அவன் அளித்த விருந்துகளாலேயே பின்னாளில் புகழ்பெற்றான். ஒருநாள் விருந்தினர் எவரும் வரவில்லை. அதனால் பணியாளன் எளிய உணவைச் சமைத்து வைத்தான். லுக்குல்லஸ் சினந்து, இன்று லுக்குல்லஸின் இல்லத்தில் லுக்குல்லஸே விருந்தினன் என்பது உனக்குத் தெரியாதா என்று கேட்டானாம். வரலாற்றாசிரியர் புளூட்டார்க் கூறும் செய்தி இது.

இதன் எதிர்க்கரையில் நிற்பவன் நம் கடலுள் மாய்ந்த இளம்பெருவழுதி. இவ்வுலகம் எவரால் நிலைபெற்றிருக்கிறது என்று ஆராயப் புகுந்த அவ்வரசன், அமிழ்தமே கிடைப்பினும் தனித்து உண்ணாதவரை முதலில் வைத்துப் பாடினான். புறநானூற்றின் 182ஆம் பாடலைத் தமிழாசிரியர் எவரும் மறந்திரார். அமிழ்தம் உண்பதை அவன் தடுக்கவில்லை. தனித்து உண்பதையே விலக்கினான் என்பதை நாம் கருதவேண்டும். உரோமப் பேரறிஞர் செனெக்காவும், என்ன உண்பது என்று பார்க்குமுன் யாரோடு உண்பது என்று பார்க்கவேண்டும் என்னும் எபிக்கூரஸின் கருத்தைப் போற்றி எடுத்துரைத்தார். கிரேக்கமும் உரோமமும் தமிழும் இவ்விடத்தில் கைகோத்து நிற்கின்றன.

தனித்து உண்ணல் என்பது ஒற்றையாய் அமர்ந்து உண்பது மட்டுமன்று. நூறு பேர் கூடியிருக்கும் மண்டபத்திலும் ஒருவன் தனித்து உண்ணக்கூடும். தட்டைக் கொணர்ந்த கையைக் காணாமல், சமைத்தவனை நினையாமல், விளைத்தவனை அறியாமல் உண்பவன் தனித்தே உண்கிறான்.

நம் முன்னோர் 'விருந்து' என்னும் சொல்லைப் புதுமை என்னும் பொருளில் வழங்கினர். முன்பின் அறியாத புதியவன் வாயிலில் வந்து நின்றால் அவனே விருந்து. வள்ளுவர் விருந்தோம்பலுக்கென ஓர் அதிகாரமே வகுத்தார். வந்தவர் முகத்தின் வாட்டத்தை அனிச்ச மலரோடு ஒப்பிட்டு, வரவேற்பவன் நோக்கிலேயே விருந்தின் உயிர் இருப்பதைக் காட்டினார். முகம் முகத்தைக் காண்பதே விருந்து. இன்றைய விடுதிகளில் பணம் செலுத்துவோர் அனைவரும் 'விருந்தினர்' என்றே அழைக்கப்படுகின்றனர். விருந்தினர் என்னும் சொல் நிலைத்துவிட்டது. விருந்தோம்புபவர் என்னும் சொல்தான் காணாமற் போயிற்று. பரிமாறுபவர் அவ்வீட்டிற்கு உரியவரும் அல்லர். அம்மேசையில் அமரக்கூடியவரும் அல்லர்.

வெனிசு நகரமே இதற்குப் பெரியதோர் எடுத்துக்காட்டு. 1951இல் அதன் பழைய நகர்ப்பகுதியில் ஏறத்தாழ 1,75,000 மக்கள் வாழ்ந்தனர். 2022இல் அத்தொகை 50,000க்கும் கீழே இறங்கிற்று. வீடுகள் விடுதிகளாயின, வாடகை உயர்ந்தது, குடிமக்கள் வெளியேறினர். இலட்சக்கணக்கில் விருந்தினர் வருகின்றனர். வரவேற்க வீட்டார் குறைந்துகொண்டே வருகின்றனர்.

மறைந்து நிற்கும் கை

உயர்தர உணவகங்களின் சிறப்பை அளக்க உலகெங்கும் இன்று பயன்படும் அளவுகோல் மிச்செலின் விண்மீன்களாகும். ஒரு விண்மீன் பெற்றாலே சமையற்கலைஞர் புகழ்பெறுவர். மூன்று பெற்றால் உலகெங்குமிருந்து மக்கள் தேடிச் செல்வர். இவ்விண்மீன்களை வழங்குவது ஒரு டயர் நிறுவனம் என்பது நம் மாணவர் பலர்க்கு வியப்பளிக்கும். 1900இல் பிரான்சு நாட்டின் மிச்செலின் நிறுவனம், மோட்டார் வண்டி வைத்திருந்தோர்க்காகச் சிறு கையேடு ஒன்றை வெளியிட்டது. வழியில் எங்கே தங்கலாம், எங்கே வண்டியைப் பழுது பார்க்கலாம் என்பன அதில் இருந்தன. மக்கள் நெடுந்தொலைவு சென்றால் சக்கரம் தேயும். தேய்ந்தால் புதிய டயர் விற்கும். 1926இல் உணவகங்களுக்கு விண்மீன் இடும் வழக்கம் தோன்றியது. இத்தாலியிலும் ரப்பர்த் தொழில் பழையதே. மிலான் நகரில் பிரெல்லி நிறுவனம் 1872இலேயே தோன்றிவிட்டது.

டயருக்கு ரப்பர் வேண்டும். ரப்பருக்கு மண் வேண்டும். மண்ணைவிடக் கைகள் வேண்டும். 1877இல் இப்பகுதிக்கு வந்துசேர்ந்த ரப்பர்க் கன்றுகளுள் சில, அந்நாளில் பேராக்கின் ரெசிடெண்டாக இருந்த ஹியூ லோவின் முயற்சியால் கோல கங்சாரில் நடப்பட்டன. அவற்றுள் ஒரு மரம் இன்றும் அந்நகரில் நிற்கிறது. அம்மரத்தின் வழிவந்த காடுகளே பின்னர் நம் மக்களின் பிறப்பையும் வாழ்வையும் இறப்பையும் தம் நிழலில் அடக்கிக்கொண்டன. விடியுமுன் பெரட்டுக்கு நின்று, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு, கொசுக்கடியினூடே தம் நிரையில் நானூறு ஐந்நூறு மரங்களைச் சீவினர். வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறைந்துவிடும். ஆதலின் அவர்கள் கதிரவனை முந்திக்கொண்டு ஓடினர். மழை பெய்தால் வெட்டு இல்லை. வெட்டு இல்லையேல் கூலி குறைந்தது. இவ்வாறு சேர்ந்த பால், உறைந்து தகடாகிக் கப்பலேறி மேலை நாடுகளின் சக்கரங்களாயிற்று.

இத்தோட்டத்துப் பால் அந்த விண்மீனாக மாறிற்று என்று கணக்கெழுதிக் காட்ட எவராலும் இயலாது. மிச்செலின் நிறுவனம் வியட்நாமில் தனக்கெனத் தோட்டங்களை வைத்திருந்தது. 1930இல் அங்கே பூ ரியெங் தோட்டத்துத் தொழிலாளர் கொடுமை தாங்காது கிளர்ந்தெழுந்தனர். தோட்டம் எதுவாயினும் உண்மை ஒன்றே. ரப்பர்ச் சக்கரம் உருண்டிராவிடில் அக்கையேடு பிறந்திராது. என் மாணவர் உண்ட மேசைக்கும் அவர் தாயார் ஏந்திய பால்வாளிக்கும் இடையே ஒரு நூலிழை ஓடுகிறது. அந்த இழையின் தொடுதலே அவர் நெஞ்சில் உறுத்தலாகத் தோன்றிற்று என்பது என் எண்ணம்.

கை மறைந்து நிற்பது ஒருபுறம் இருக்க, கண்முன்னே தெரிந்தும் காணப்படாமல் போவதும் உண்டு. இலங்கையின் மலையகத்தில், பொகவந்தலாவைப் பள்ளத்தாக்கையும் காசல்ரீ நீர்த்தேக்கத்தையும் சூழ்ந்த தேயிலைத் தோட்டங்களில், வெள்ளைத் துரைமார் வாழ்ந்த பங்களாக்கள் சில 2005 முதல் உயர்தர விடுதிகளாக இயங்குகின்றன. அதே மலைச்சரிவுகளில் கொழுந்து பறிப்போர் நம் உறவினர். 1948இல் குடியுரிமை பறிக்கப்பட்டு நெடுங்காலம் நாடற்றவராக நின்ற மக்களின் வழிவந்தோர். பங்களாவின் புல்வெளியில் அமர்ந்து தேநீர் அருந்துவோர்க்கு அவர்கள் பச்சைக் கம்பளத்தில் பதித்த வண்ணப் பூக்களாகத் தெரிகின்றனர். பூவாகக் காண்பதும் மனிதராகக் காண்பதும் ஒன்றாகா.

வறியோர் உணவும் வறியோர் குகையும்

இத்தாலிய மேசையின் கதையை இன்னும் சற்று உள்ளே சென்று பார்த்தால் நம் கதையே அங்கும் எதிரொலிப்பதைக் காணலாம். அந்நாட்டின் வடபகுதி உணவகங்களில் 'பொலெந்தா' என்னும் மக்காச்சோளக் களி இன்று நறுமணக் காளானோடும் மலைப் பாலாடைக் கட்டியோடும் உயர்ந்த விலைக்குப் பரிமாறப்படுகிறது. நூற்றைம்பது ஆண்டுகளுக்குமுன் வெனெத்தோ, லொம்பார்தியா ஆகிய வட்டாரங்களின் ஏழை உழவர்க்கு அக்களியே காலையும் மாலையும் உணவு. வேறு எதுவும் இல்லாமையால் 'பெல்லாக்ரா' என்னும் நோய் அவர்களைப் பற்றியது. தோல் வெடித்தது, வயிறு கெட்டது, அறிவு கலங்கியது, பலர் மாண்டனர். மக்காச்சோளத்தில் உள்ள நயசின் என்னும் உயிர்ச்சத்து எளிதில் உடலில் சேராது. அமெரிக்கப் பழங்குடியினர் அதனைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்து அச்சத்தை விடுவித்தனர். பயிர் கடல் கடந்து ஐரோப்பாவிற்கு வந்தது. சமைக்கும் அறிவு உடன் வரவில்லை.

அவ்வட்டாரங்களிலிருந்து வறுமையால் வெளியேறிய உழவர் பலர் பிரேசில் நாட்டுக் காப்பித் தோட்டங்களுக்குக் கூலிகளாகச் சென்றனர். அங்கே 1888இல் அடிமை முறை ஒழிந்தபின் அவர்களை இலவசக் கப்பற்பயணம் காட்டி அழைத்தனர். தோட்டத்து வாழ்வின் கொடுமையைக் கேள்வியுற்ற இத்தாலிய அரசு 1902இல் அவ்விலவசக் குடியேற்றத்தைத் தடை செய்தது. இந்திய அரசு 1938இல் மலாயாவுக்குக் கூலியாட்களை உதவி தந்து அனுப்புவதைத் தடுத்தமை இங்கு நினைவுக்கு வருகிறது. இத்தாலியர் என்றாலே அரண்மனையும் ஓவியமும் என்று எண்ணும் நம் பிள்ளைகள், அவர்களுள்ளும் கங்காணியின் சொல்லை நம்பிக் கப்பலேறியவர் போன்றோர் இருந்தனர் என்பதை அறிதல் வேண்டும்.

தென் இத்தாலியில் மத்தேரா என்னும் நகரம் உளது. அங்கே பாறைகளைக் குடைந்த குகைகளில் ஏழை மக்கள் கழுதையோடும் பன்றியோடும் ஒன்றாக வாழ்ந்தனர். கார்லோ லேவி என்னும் எழுத்தாளர் 1945இல் வெளியிட்ட நூலால் அந்நிலை வெளியுலகிற்குத் தெரிந்தது. நாட்டின் மானக்கேடு என்று தலைவர்கள் வருந்தினர். 1952இல் சட்டம் இயற்றி, பதினையாயிரத்திற்கும் மேற்பட்டோரைப் படிப்படியாகப் புது வீடுகளுக்கு மாற்றினர். 1993இல் அக்குகைகள் உலகப் பாரம்பரியச் சின்னமாயின. இன்று அவற்றுள் சில, செல்வர் தங்கும் விடுதிகள். மானக்கேடு என்று மூடப்பட்ட குகை, மெழுகுவத்தி ஒளியில் பெருமையாகத் திறக்கப்பட்டுள்ளது.

இதில் தீமை யாது? குகை இடிந்து மண்ணாவதைவிட எவருக்கேனும் பயன்படுவது நன்றன்றோ என்று கேட்கலாம். நன்றுதான். ஈப்போவை அடுத்த தம்புனிலும் வெந்நீரூற்றுக் கரையில், சுண்ணாம்புக் குகைக்குள்ளேயே மேசையிட்டு உண்ணும் உயர்தர விடுதி உண்டு. இயற்கை தந்த குகையில் அமர்ந்து உண்பதில் எவர் நினைவும் மிதிபடுவதில்லை. வறுமை வாழ்ந்த குகையின் நிலை வேறு. அங்கே உறங்குபவன், இவ்விடத்தில் ஒரு தாய் தன் காய்ச்சற் குழந்தையை மடியில் கிடத்தி விடியலை எதிர்நோக்கியிருந்தாள் என்பதை அறிந்து உறங்கினால், அவன் அவ்விடத்தின் விருந்தினன். அறியாது உறங்கினால் வெறும் வாடகைக்காரன்.

நாமும் இதற்கு அயலார் அல்லேம். சப்பானியர் ஆட்சிக் காலத்தில் நம் தோட்டங்களைக் காத்தது மரவள்ளிக்கிழங்கு. சயாம் இரயில்பாதைக்கு இழுத்துச் செல்லப்பட்ட தந்தையர் திரும்பாத வீடுகளில் அக்கிழங்கே குழந்தைகளின் உயிரைப் பிடித்து நிறுத்தியது. இன்று அது விடுதிகளில் மாலைச் சிற்றுண்டியாகத் தேங்காய்ப்பூ தூவி வருகிறது. உண்போம், மகிழ்ச்சியாகவே உண்போம். ஆயின் அருகில் அமர்ந்திருக்கும் பேரனுக்கு அக்கிழங்கின் கதையைச் சொல்லிவிட்டு உண்போம்.

கெல்லியின் மாளிகை

பத்து காஜாவுக்கும் கோப்பேங்குக்கும் இடையே, ராயா ஆற்றங்கரையில், முற்றுப்பெறாத மாளிகை ஒன்று நிற்கிறது. 1870இல் ஸ்காட்லாந்தில் பிறந்து, இருபது வயதில் மலாயா வந்து, ரப்பராலும் ஈயத்தாலும் செல்வரான வில்லியம் கெல்லி ஸ்மித் 1915இல் அதன் கட்டுமானத்தைத் தொடங்கினார். மின்தூக்கிக்கென உயர்ந்த கூடம், மதுக்குப்பிகளை வைக்க நிலவறை, விருந்தாட மேல்மாடத்து முற்றம் என்று அவர் கனவு விரிந்தது. பேராக்கிலேயே ஐரோப்பியப் பெருவிருந்துகள் நிகழவேண்டும் என எழுந்த மாளிகை அது. கட்டியவர்களுள் பெரும்பாலோர் நம் தமிழர். அக்காலத்தில் பரவிய கொள்ளைநோயில் அவர்களுள் பலர் மாண்டனர். எஞ்சியோர் அம்மனுக்குக் கோயில் வேண்டும் என்று துரையிடம் கேட்டனர். அவரும் கட்டித் தந்தார். 1926இல் கெல்லி ஸ்மித் போர்ச்சுகல் நாட்டு லிஸ்பனில் நோயுற்று மறைந்தார். மாளிகை அரைகுறையாக நின்றுவிட்டது. ஒரு விருந்தும் அங்கே நடைபெறவில்லை.

இன்று சுற்றுலாப் பயணிகள் அங்கே வந்து சுரங்க வழிகளைத் தேடுகின்றனர். ஆவிக் கதைகளைக் கேட்டு மகிழ்கின்றனர். அவர்களுள் சிலரே அருகிலுள்ள மாரியம்மன் கோயிலுக்குச் செல்கின்றனர். அங்கே தெய்வ வடிவங்களுக்கிடையே ஐரோப்பிய உடையணிந்த உருவம் ஒன்று உண்டு. அது கெல்லி ஸ்மித்தைக் குறிப்பது என்பர்.

இவ்விரு கட்டடங்களையும் ஒருங்கே வைத்து எண்ணுங்கள். மாளிகை துரையின் பெயரால் வழங்குகிறது. கல் சுமந்தவர், சுண்ணாம்பு குழைத்தவர், நோயில் வீழ்ந்தவர் ஆகியோருள் ஒருவர் பெயரையும் அச்சுவர்களில் காணோம். எளியோரின் கோயிலிலோ துரைக்கும் இடம் இருக்கிறது. செய்ந்நன்றி அறிதலில் எவர் உயர்ந்தவர், எவர் தாழ்ந்தவர் என்பது வெள்ளிடைமலை. செல்வம் தன் மேசையில் உழைப்புக்கு ஓர் இருக்கை போட மறந்தது. உழைப்பு தன் தெய்வத்தின் பக்கத்திலேயே செல்வத்துக்கு ஓர் இருக்கை போட்டது. பெருந்தன்மை என்பது இதுவன்றோ!

மூன்று உரைகற்கள்

இவ்வாறெல்லாம் எண்ணத் தொடங்கினால் ஒரு வாய் உணவும் இறங்காதே. உண்ணுந்தோறும் குற்றவுணர்ச்சியால் வாடவேண்டுமா என்று இளைஞர் கேட்பர். வேண்டியதில்லை. பெற்றோர் தம் கையைக் காய்ப்பாக்கிக்கொண்டது பிள்ளைகளின் கை மென்மையாகவேண்டும் என்பதற்கே. லயத்து வாழ்வின் ஒழுகும் கூரையையும் கடன் சுமையையும் பொற்காலமென்று பாடுவது பொய்யாகும். தாய் சீவிய மரத்தின் பயனை மகன் நுகர்ந்தால் தாய் மகிழ்வாளேயன்றி வருந்தாள். குற்றவுணர்ச்சி உண்பவனைத் தன்னையே நோக்கச் செய்கிறது. உழைத்தவனுக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. வேண்டுவது நன்றியுணர்ச்சி. அது பிறரை நோக்கச் செய்கிறது.

ஆதலின் எந்த இன்பத்தையும் உரைத்துப் பார்க்க மூன்று உரைகற்களை முன்வைக்க விழைகிறேன்.

ஒன்று, இவ்வின்பம் கண்ணைத் திறந்தபின்னும் இன்பமாக நிற்குமா? சமையற்கட்டின் கதவைத் திறந்து, அங்கே உழைப்போரின் கூலியையும் உறங்கும் இடத்தையும் கண்டபின்னும் அவ்வுணவு இனிக்குமாயின் அது நல்லுணவு. கதவு மூடியிருந்தால் மட்டுமே இனிக்குமாயின் அதில் களங்கம் உண்டு.

இரண்டு, பரிமாறுபவரின் பிள்ளை ஒருநாள் இம்மேசையில் அமர வழி இருக்கிறதா? கல்வியாலோ உழைப்பாலோ அவ்வழி திறந்திருக்குமாயின் அங்கே நிகழ்வது தொழில். அடைபட்டிருக்குமாயின் அங்கே நிகழ்வது அடிமைத்தனத்தின் எச்சம். சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். தோட்டங்கள் துண்டாடப்பட்டு நம்மவர் தெருவில் நின்ற காலம் அது. பால்மரம் சீவியவர்கள் மாதம் பத்து வெள்ளியாகச் சேர்த்துத் தோட்டங்களையே வாங்கினர். பரிமாறியவர் மேசைக்கே உரியவரான வரலாறு நம்மிடமே உண்டு.

மூன்று, இவ்வின்பத்தின் ஒரு பங்கு என்னைக் கடந்து செல்கிறதா? பங்கு பொருளாகவும் இருக்கலாம், பரிவாகவும் இருக்கலாம். பரிமாறும் இளைஞனிடம் பெயரைக் கேட்டு, கண்ணை நோக்கி நன்றி கூறுவதும் ஒரு பங்கே. பயின்ற பள்ளிக்கு ஒரு நூலடுக்கு வாங்கித் தருவதும் ஒரு பங்கே. வள்ளுவர் ஒப்புரவு என்று கூறியது இதனையே.

என் மாணவரின் வினாவுக்கு இவற்றிலிருந்தே விடை பிறக்கிறது. அவர் உண்டது தவறன்று. அவர் நெஞ்சில் எழுந்த உறுத்தலும் நோயன்று. அது நலத்தின் அறிகுறி. அவ்வுறுத்தல் எழாதவர்க்காகவே நாம் கவலைப்படவேண்டும். அதனை அடக்கிவிடாமல், தம் பிள்ளைகளுக்குப் பாட்டியின் கதையைச் சொல்லும் சொல்லாகவும், பிறர்க்கு உதவும் செயலாகவும் மாற்றிக்கொண்டால் அவர் உண்ட விருந்து முழுமை பெறும்.

ஆசிரியப் பெருமக்களுக்கு ஒரு சொல். நம் தோட்டங்கள் பல மறைந்துவிட்டன; ரப்பர் நின்ற இடத்தில் செம்பனையும் வீடமைப்புப் பகுதிகளும் நிற்கின்றன. தோட்டத்துப் பள்ளிகள் பல நகர்ப்புறத்திற்கு இடம் மாறின. நாளை ஏதேனும் ஒரு பழைய லயம், வெள்ளையடித்து விளக்கேற்றி, பயணிகள் தங்கும் விடுதியாகலாம்; மத்தேராவில் நிகழ்ந்தது இங்கு நிகழாது என்பதற்கு உறுதி இல்லை. அன்று நம் மாணவருள் ஒருவர் அங்கே பரிமாறுபவராக இருக்கலாம்; வேறொருவர் விருந்தினராக வந்து அமரலாம். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் நோக்கி, "உங்கள் தாத்தா எந்தத் தோட்டம்?" என்று கேட்டுக்கொள்ளும் மனத்தை நாம் இன்றே வகுப்பறையில் வளர்த்தல் வேண்டும். விருந்தோம்பலைத் தேர்வுக்குரிய பத்துக் குறட்பாக்களாக மட்டும் கற்பித்து நிறுத்திவிடாமல், வீட்டில் மூத்தோரிடம் அவர்கள் உண்ட உணவையும் சீவிய மரங்களையும் பற்றிக் கேட்டு எழுதி வரச் செய்வோம். உழைத்த கையை அறிந்த நாவுக்கே உணவின் முழுச்சுவையும் புலப்படும்.